ஆர்ட்/ஆர்ட்டிஃபாக்ட் கண்காட்சி

ஆப்பிரிக்கப் பொருள்களை மேற்கத்திய அருங்காட்சியகங்கள் காட்டும் முறையையே பார்வைக்கு வைத்த கண்காட்சி. 1988-இல் நியூயார்க்கில் அப்போது இருந்த ஆப்பிரிக்கக் கலை மையத்தில், அதன் நிறுவனர் சூசன் வோகல் அமைத்தது.

வெள்ளைச் சுவர்கள் கொண்ட ஓர் அறையில், மத்திய ஆப்பிரிக்காவின் ஜாண்டே மக்கள் விலங்கு பிடிக்கப் பயன்படுத்திய வலை ஒன்று, எடுத்துச் செல்வதற்காக இறுகக் கட்டிய நிலையிலேயே, தாழ்வான மேடையில் விளக்கொளியில் கிடந்தது. பலர் அதை நவீனச் சிற்பம் என்றே எண்ணினர். அப்படியொரு வலை எங்கே கிடைக்கும் என்று சேகரிப்பாளர்கள் கேட்டதாக வோகல் பின்னர் எழுதினார். மாற்றம் எதுவும் வலையில் இல்லை. அது வைக்கப்பட்ட விதமே அதைக் கலைப்பொருளாக்கியது.

மற்ற அறைகளில் பழங்கால விந்தைப் பொருள் கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் பாணியில் மனித உருவங்கள் நிற்கும் காட்சிப்பெட்டி ஆகியவை அமைக்கப்பட்டன. கென்யாவின் மிஜிகெண்டா மக்கள் இறந்தோருக்காக நினைவுக் கம்பம் நடுவது காணொளியாகவும் காட்டப்பட்டது. அந்தக் கம்பம் எப்படி நடப்படுகிறது என்பதைப் பார்வையாளர் அதில் காண முடிந்தது.

கண்காட்சி நூலில் தத்துவ அறிஞர் ஆர்தர் டான்டோ, வெறும் பயன்பாட்டுப் பொருளையும் கலைப்படைப்பையும் பிரித்தே பார்த்தார். மானிடவியலாளர் ஆல்ஃபிரட் கெல் 1996-இல் அதை மறுத்தார்: விலங்கின் நடத்தையையும் வேட்டைக்காரரின் அறிவையும் தன்னுள் கொண்ட பொறி, கலைப்படைப்பாகவும் கருதத் தக்கது என்பது அவர் வாதம். இரண்டில் கெல்லின் வாதமே வலுவானது. வலையைச் செய்தவரின் சிந்தனைக்கு அது இடம் தருகிறது.