காலங்கடந்து வந்தவர்!

இயற்பியலில் ஏதேனும் சாதித்தவர் அனைவரும் உன் வயதுக்குள் அதனை முடித்துவிட்டனரே, நீ இனிமேல்தானா தொடங்கப் போகிறாய் என்னும் கருத்துப்படக் கேட்டார், சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். கேட்ட ஆண்டு 1946. கேட்கப்பட்டவர் தள்ளாத கிழவரா? அல்ல, போர்ப்பணி முடித்துத் திரும்பிய 24 வயது வாலிபர்!

அவர்தாம் ஜான் குட்டினஃப். அமெரிக்கப் பெற்றோர்க்கு 1922-இல் ஜெர்மனியின் யேனா நகரில் பிறந்தவர். இளமையில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே இடர்ப்பட்டார். அது கற்றல் குறைபாடு என்று கண்டு உதவுவார் அன்று இல்லை. இத்தகைய பிள்ளைக்கு 'மண்டு' என்று பட்டஞ்சூட்டிக் கடைசி வரிசையில் அமர்த்தும் வழக்கத்தை, ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் நன்கறிவோம். அவரோ தாமே முயன்று கற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் பெற்றார். பேராசிரியரின் எச்சரிக்கைக்குப் பின்னும் பின்வாங்கவில்லை. 1952-இல் இயற்பியலில் டாக்டர் பட்டம்!

1976-இல் ஆக்ஸ்போர்டின் வேதியியல் ஆய்வுக்கூடத் தலைமை அவரைத் தேடி வந்தது. அந்நாளில் விட்டிங்காம் என்னும் அறிஞர், லித்தியத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க பேட்டரி ஒன்றைச் செய்திருந்தார். டைட்டானியம் சல்ஃபைடின் அடுக்குகளுக்கிடையே லித்தியம் புகுந்து மீளும். கிடைத்ததோ இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். சல்ஃபைடுக்கு மாற்றாக ஆக்சைடை வைத்தால் அழுத்தம் உயருமே என்று எண்ணினார் குட்டினஃப். துணைவர்களுடன் தேடினார். 1980-இல் கோபால்ட் ஆக்சைடு 4 வோல்ட் தந்தது. அப்போது அவருக்கு வயது 57. பலர் சாய்வு நாற்காலி தேடும் பருவம்!

காப்புரிமை பெறப் பொருள் செலவிட ஆக்ஸ்போர்டு முன்வரவில்லை. ஹார்வெல் அணுவாற்றல் ஆய்வு நிலையத்திடம் உரிமையை எழுதிக் கொடுத்தார். 1985-இல் ஜப்பானின் யோஷினோ, தீப்பற்றும் லித்திய உலோகத்தை நீக்கிக் கரியை மறுமுனையாக்கினார். 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்கு உயிர் தருவது அந்தக் குடும்பத்துப் பேட்டரிதான். குவிந்த செல்வத்தில் குட்டினஃபுக்குப் பங்கென்ன? ஒன்றுமில்லை! உழைத்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன் என்பது ஆய்வுக்கூடத்திலும் உண்டு போலும்.

ஆக்ஸ்போர்டில் கட்டாய ஓய்வு நெருங்கவே, 1986-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 94 வயதில், கண்ணாடியை மின்பகுபொருளாகக் கொண்ட புதுப் பேட்டரி பற்றி ஆய்வுரை வெளியிட்டார். அறிஞர் சிலர் ஐயுற்றனர். முதியவராயிற்றே என்று வாளாவிராமல் மறுத்தும் எழுதினர். விஞ்ஞானம் வாழும் முறை அது!

2019-இல் விட்டிங்காம், யோஷினோ இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 97. அத்துணை முதுமையில் அப்பரிசைப் பெற்றவர் அதற்குமுன் எவருமிலர். 2023 ஜூன் 25-இல், 101-ஐ எட்ட ஒரு திங்கள் இருக்கையில், மறைந்தார்.