வீடு ஆர்ர பேரில?

2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடி, காத்தான்குடிப் பக்கமெல்லாம் சேதம் பதிந்தார்கள். 40 வீதத்துக்கு மேல் போனால் முழுச்சேதம், இரண்டரை லட்சம் ரூபாய். குறைந்தால் ஒரு லட்சம். கடலுக்கு 200 மீற்றருக்குள் இருந்த வீடென்றால் அதே வளவில் திரும்பக் கட்ட ஏலாது, வேறிடத்தில் புது வீடு.

எங்கட மட்டக்களப்பில், தமிழரோ முஸ்லிமோ, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். பதிவிலோ ‘குடும்பத் தலைவர்’ என்றுதான் கேட்டார்கள். வெடிப்பைப் பார்த்த கவனத்தில் பாதியாவது உறுதியைப் பார்ப்பதில் இருந்திருக்கலாம்! பெரும்பாலும் கணவனின் பேரே ஏறியது. அம்மாவோ உம்மாவோ மகளுக்குக் கொடுத்த வளவுக்குப் பதிலாக வந்த வீடு, பல இடங்களில் மருமகன் பேரில் வந்தது.