இதயத்தின் இரு கீழறைகள்

காதர்பேட்டையில் முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கோவையில் மருத்துவக் குறியீட்டுப் பணி புரிகிறார். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளர் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணை இடுவது அவர் தொழில். விடுமுறையில் வந்தவர், "ஹஜ்ரத், இதயத்தின் கீழறைக்கு அரபியில் பெயர் என்ன?" என வினவினார். 'புதைன்' என்றோம். சிறு வயிறு என்பது அதன் பொருள். இலத்தீன் சொல்லின் பொருளும் அதுவே என்று அவர் கூறக் கேட்டு வியந்தோம்.

அவ்விரு அறைகளின் வரலாறு நெடியது. இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்றும், வலப்புறக் குருதி அவற்றின் வழியே இடப்புறம் கசிகிறதென்றும் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் கூறியதை ஆயிரம் ஆண்டுகள் உலகம் ஏற்றிருந்தது. திமிஷ்கில் 1213-இல் பிறந்த இப்னு நஃபீஸ், கெய்ரோவில் ஷாஃபிஈ சட்டமும் கற்பித்த மருத்துவர். இப்னு சீனாவின் கானூனிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் எழுதிய உரையில் அவர் அதனை மறுத்தார். சுவர் கெட்டியானது, துளையே இல்லை, வலப்புறக் குருதி நுரையீரல் சென்று, காற்றோடு கலந்தே இடப்புறம் சேர்கிறது என்றார். ஐரோப்பாவில் செர்விட்டஸ் இதனை அச்சிட்டது 1553-இல். இப்னு நஃபீஸின் உரையையோ, 1924-இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி பெர்லினில் கண்டெடுக்கும் வரை உலகம் மறந்தே போயிருந்தது!

இந்த நுரையீரல் வழியை அறிந்தால்தான் நோயும் விளங்கும். இடக் கீழறை தளர்ந்தால் குருதி நுரையீரலில் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டும். அத்தேக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி நாளடைவில் வலக் கீழறையும் ஓய்கிறது. அப்போது கழுத்து நரம்பு புடைக்கும், கால் வீங்கும், கல்லீரல் பெருக்கும். இரண்டும் ஒருங்கே கண்டால் எக்கோ சோதனையால் மருத்துவர் உறுதி செய்வார். நம் வீடுகளில் இதனையும் 'மாரடைப்பு' என்றே சொல்லி விடுகிறோம். அது வேறு, இது வேறு.

இரு கீழறைகளும் தளர்ந்த நிலைக்கு அமெரிக்கக் குறியீட்டுப் பட்டியலில் ஐ 50.82 என்னும் தனி எண் கிடைத்தது 2017 அக்டோபரில்தான். இடப்புறத் தளர்ச்சி சுருங்குவதிலா, விரிவதிலா என்பதற்கு இன்னோர் எண்ணும் உடன் வேண்டும்.

மாணவரின் இடர் இதுதான்: குறிப்பில் மூச்சுமுட்டலும் கால்வீக்கமும் இருந்தன, நோயின் பெயர் இல்லை. "நீரே ஊகித்து எண்ணை இடலாகாதோ?" என்றோம். "கூடாது ஹஜ்ரத். மருத்துவர் எழுதாததை நாங்கள் எழுதக் கூடாது, அவரிடமே கேட்டு எழுதியிருக்கிறேன்" என்றார். கேளாததை அறிவிக்கலாகாது என்று ஹதீஸ் பாடத்தில் அவருக்கு நாம் சொன்னது நினைவுக்கு வந்தது. மருத்துவரின் மறுமொழி இன்னும் வரவில்லையாம்.