பேஸ் மாடலா, டாப் எண்டா?

எங்கள் திருநாவலூரில் வண்டிக் கதை சுந்தரரிடமிருந்தே தொடங்கிவிடுகிறது. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையைக் கண்டுதான் நரசிங்க முனையரையர் அழைத்துப் போய் வளர்த்தார் என்று பெரிய புராணம் சொல்லும். அந்தப் பிள்ளை பெரியவராகி நாகைக் காரோணத்து இறைவனிடம் வேகமான குதிரை ஒன்று கேட்டார். குதிரையோடு விட்டாரா? முத்தாரம், கஸ்தூரி, பட்டு, உடைவாள் என்று பட்டியல் நீண்டது. கூடுதல் சாமான்கள் கேட்பது எங்கள் ஊருக்குப் பழைய வழக்கம்.

போன பொங்கலுக்கு என் தாய்மாமாவின் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் முப்பது வருடமாகத் தூங்கும் மாமாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் புதுப்பித்துப் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். தார்ப்பாயை விலக்கியதும் கேட்டான்: "தாத்தா, இது பேஸ் மாடலா, டாப் எண்டா?"

"ரெண்டும் இல்லைடா. இது ஸ்டாண்டர்டு."

"அப்போ பேஸ் மாடல்தான்."

அவன் மேல் தப்பில்லை. அந்த வார்த்தைக்கு இங்கிலாந்திலேயே அந்த கதி நேர்ந்தது. 1903-ல் கோவென்ட்ரி நகரில் ரெஜினால்ட் மாட்ஸ்லி கம்பெனி தொடங்கியபோது, சோதித்துத் தேர்ந்த, ஒரே அளவான பாகங்கள் என்ற பெருமையில்தான் ஸ்டாண்டர்டு என்று பெயர் வைத்தார். பிறகு கார் விற்பவர்கள் 'டீலக்ஸ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். டீலக்ஸ் மேலே ஏற ஏற, ஸ்டாண்டர்டு 'ஒன்றும் இல்லாதது' என்ற பொருளுக்கு இறங்கியது. அந்தக் கம்பெனியே 1953-ல் விட்ட ஸ்டாண்டர்டு எய்ட் காரைப் பாருங்கள். டிக்கிக்கு வெளிக்கதவு கிடையாது, பின் சீட்டை மடக்கித்தான் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும். கண்ணாடி சுற்றி இறக்குவதல்ல, நகர்த்துவது. சக்கரத்துக்கு மூடியும் இல்லை. கடைசியில் 1963-ல் அங்கே கார்களுக்கு அந்தப் பெயரையே விட்டுவிட்டு, கைவசமிருந்த டிரையம்ப் என்ற பெயருக்கு மாறிக்கொண்டார்கள்.

ஆனால் சென்னையில் அதே பெயர் 1988 வரை கௌரவமாக ஓடியது. பெருங்களத்தூரில், நம் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே தொழிற்சாலை. அங்கே டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியின் மிச்செலோட்டி வரைந்த அதே உடல், முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அதே பானெட். ஆனால் அங்கே ஹெரால்டுக்கு ஓர் ஏணியே இருந்தது. 1961-லேயே 948 சிசி எஞ்சின் 1147 சிசி ஆயிற்று. கூடவே ஒன்றும் சேர்க்காத மலிவான ஹெரால்டு எஸ். மேல்படியில் 12/50, அதில் துணிக்கூரையும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் காரோடேயே வரும். நமக்குக் கடைசிவரை 948 சிசிதான். ஒன்றில் மட்டும் நாம் ஜெயித்தோம். நாலு கதவு ஹெரால்டு அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை, சென்னையில்தான் செய்தார்கள்.

நம் ஊரில் ஏணி வேறு மாதிரி. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு மூன்றிலும் மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்றோ, செலக்ட், சூப்பர் செலக்ட், டிலைட் என்றோ பெயர்கள் இருந்தன. ஷோரூமில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது வேண்டும் என்று கேட்பதற்கான பெயர்கள் அல்ல அவை. ஒன்று போன பிறகு அடுத்தது வந்தது. உங்கள் முறை எந்த வருடம் வந்ததோ, அந்த வருடத்துக் கார் உங்களுக்கு. விலையும் சர்க்கார் கையில். 1969 செப்டம்பரில் மூன்று கார்களுக்கும் மத்திய அரசு விலை கட்டி ஆணையிட, கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. விலை கட்டிப்போட்ட இடத்தில், காத்திருக்க ஆளும் இருக்கும்போது, எவன் டீலக்ஸ் செய்ய மெனக்கெடுவான்? இது என் கணிப்புதான். ஆனால் முப்பத்து மூன்று வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனின் கணிப்பு.

ஆகவே ஆப்ஷன் என்பது தொழிற்சாலைக்கு வெளியே நடந்தது. மாமா 1967-ல் காரை எடுத்த கையோடு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு நாள் தங்கினார். டேஷ்போர்டு மேல் குட்டி ஃபேன், மஞ்சள் விளக்கு இரண்டு, ரேடியோ. ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் தனி லைசென்ஸ். விழுப்புரத்துத் தையற்காரர் சிவப்பு ரெக்சினில் சீட் தைத்தார், அதன் மேல் அத்தை டர்க்கி டவல் உறை போட்டார். பின்கண்ணாடித் திரையும் அத்தையின் கைவேலைதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே இதற்கு 'தெ சேரி' என்பார்கள், வரிசையில் வருவது என்று அர்த்தம். உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை, நல்ல சொல். பள்ளி நூலகத்துப் பழைய 'பாரீஸ் மாட்ச்' இதழ்களில் சித்ரோன் விளம்பரம் பார்ப்போம். 1955 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சியில் முதல் நாளே 12,000 பேர் பதிவு செய்த கார் தேஎஸ். எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன், பவர் ஸ்டீயரிங், கிளட்ச் பெடலே இல்லாத கியர். அந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் பிரெஞ்சில் 'தேவதை'. விலை கட்டுப்படாதவர்களுக்காக 1957-ல் பவர் ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு, கிளட்ச் பெடலை வைத்து ஒன்று விட்டார்கள். அதன் பெயர் இதே, அதாவது 'யோசனை'. பணமுள்ளவனுக்குத் தேவதை, மற்றவனுக்கு யோசனை என்று எங்கள் வகுப்பில் ஒரு கேலி. ஆனாலும் அந்த மெத்தென்ற சஸ்பென்ஷனை மட்டும் மலிவுக் காரிலிருந்து அவர்கள் பிடுங்கவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தெரிந்து செய்திருக்கிறார்கள்.

அதைத் தெரியாமல் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் பெருங்களத்தூரே சாட்சி. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடல் இங்கிலாந்தில் 1976-ல் வெளிவந்த ரோவருடையது. அங்கே அதன் பெரிய எஞ்சின் எட்டு சிலிண்டர், 3500 சிசி. உச்சப்படிக்கு வாண்டன் பிளாஸ் என்று பெயர். ஒரு காலத்தில் பென்ட்லி சேசிஸ் மேல் கையால் கூடு கட்டிய கம்பெனியின் பெயர் அது, கடைசியில் டிக்கி மேல் ஒட்டும் எழுத்தாக முடிந்தது. இங்கே அந்த அழகான உடலுக்குள் வைத்ததோ பழைய வேன்கார்டு காலத்து 1991 சிசி எஞ்சின். சொகுசுக் கார் என்று விற்றார்கள். மூன்று வருடத்தில் உற்பத்தி நின்றது.

பேரன் கேட்டான், "அப்போ ஒரிஜினல்னா எது தாத்தா? ஃபேனையும் சிவப்பு சீட்டையும் பிடுங்கிடவா?"

கூடாது என்றேன். பெருங்களத்தூரிலிருந்து வந்தது பாதிக் கார், மீதியை மாமாவும் அத்தையும் தையற்காரரும் செய்தார்கள். பழைய எழுத்தர் புத்தியில் அவனை ஒரு முழுத்தாளில் மூன்று பத்தி கட்டச் சொன்னேன். முதலில் தொழிற்சாலை தந்தது, அடுத்தது மாமா சேர்த்தது, மூன்றாவது நீ சேர்க்க நினைப்பது.

முதல் இரண்டையும் ஒழுங்காக எழுதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறான். மூன்றாவதில் 'பவர் விண்டோ' என்று எழுதி, அடித்து, கீழே மறுபடியும் எழுதியிருக்கிறான்.