பட்டம் உண்டு, பிரஜாவுரிமை இல்லை

1948 நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தை மலையகத்தாரின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். தகப்பன் எங்கே பிறந்தார் என்ற அதன் கேள்வி, தென்னிந்தியாவிலிருந்து வந்து கடை வைத்த முஸ்லிம்களுக்கும் பொதுவானதுதான். 1949 இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்’ என்று சொல்கிறது. 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சம் 150,000 பேருக்கு 1974 வரை முடிவே இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. 1983 இலும் 1990 இலும் திருகோணமலையிலிருந்து பல குடும்பங்கள் தமிழகம் போய்ச் சேர்ந்தன. மலையக வம்சாவளியினரும் அப்படிப் போனார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் நிலைதான் சிக்கலானது. 1987 ஜூலை 1 முதல், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் அங்கே பிறந்தாலும் இந்தியராக முடியாது. 1980களில் தமிழகக் கல்லூரிகள் அகதிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தன. 1991 இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அந்த வாசல் சாத்தப்பட்டது. பிறகு மெல்லத் திறந்தது. 2021 ஓகஸ்டில் ஸ்டாலின் அரசு கல்வி உதவித்தொகையைக் கூட்டியது. ஆனால் பட்டம் எடுத்த பிள்ளைக்கு இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை, அரசாங்க வேலையும் இல்லை.

2019 இன் இந்தியக் குடியுரிமைத் திருத்தம் நமக்கு முஸ்லிம்களை விலக்கிய சட்டமாகத் தெரியும். அதே சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானோடு நின்று, இலங்கை அகதிகளையும் விலக்கியது.

திரும்பி வந்த பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். தமிழில் நல்ல புள்ளி எடுப்பார்கள். அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பும்போதுதான், “சேர், எனக்கு இந்தியாவுல எடுத்த பேர்த் சேட்டிபிக்கட் மட்டுந்தான் இருக்கு” என்று குரல் தாழும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதியவேண்டும் என்கிறது நமது சட்டம். பிந்தினால் அமைச்சரின் அனுமதி வேண்டும். முகாமில் இருந்த தாய்க்கு இதை யார் சொல்லியிருப்பார்?

2003 இன் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. 2009 திருத்தம், யுத்தத்தால் இந்தியா போனவர்களையும் அதில் சேர்த்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் முடியாது என்றிருந்த விஷயம், பாராளுமன்றம் மனம் வைத்ததும் முடிந்தது. ஆகவே குறை பிள்ளையின் தகுதியில் இல்லை.

1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களுக்கு, பத்திரங்கள் இல்லாமல் கந்தோர் கந்தோராக அலைவது என்னவென்று தெரியும். இந்தப் பிள்ளைகள் நம் ஜமாஅத்தாராக இல்லாவிட்டாலும், படிவம் நிரப்ப, சாட்சி சொல்ல, கந்தோருக்குக் கூடப்போக நம்மால் ஏலும். ஓ.எல். பரீட்சைக்கு முன்பே அதைச் செய்துவிடவேண்டும்.