மருதநாயகம் என்னும் கான் சாகிபு யூசுப் கான்: எழுச்சியும் வீழ்ச்சியும்

மருதநாயகம் என்று பரவலாக அறியப்படும் கான் சாகிபு யூசுப் கான் (சுமார் 1725 – 15 அக்டோபர் 1764) ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக உயர்ந்து, பின்னர் மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டவர். அரச குடும்பத்திலோ பாளையக்காரர் குடும்பத்திலோ பிறக்காத ஒருவர், படைத்திறன் ஒன்றைக் கொண்டே நாடாளும் நிலைக்கு வந்ததற்கு இவர் தெளிவான எடுத்துக்காட்டு. அவரை உயர்த்தியவை சம்பளப் படையும் வரிப் பணமும் ஆகும். முற்றுகையில் பணமும் உணவும் தீர்ந்தபோது, அந்தப் படையே அவரைப் பகைவரிடம் ஒப்படைத்தது.

பின்னணி: அடையாற்றுப் போர், 1746

யூசுப் கானின் எழுச்சியைப் புரிந்துகொள்ளச் சென்னையின் அடையாற்று முகத்துவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். அதன் தென்கரையில் இன்று ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. வடகரையில் சாந்தோமும் குவிபிள் தீவும் உள்ளன. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்ட ஆற்காடு நவாப் அன்வருதீன், அது நடக்காததால் தம் மூத்த மகன் மாபூஸ் கான் தலைமையில் சுமார் 10,000 பேர் கொண்ட படையை அனுப்பினார்.

புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த பாரடி என்னும் தளபதியிடம் ஏறத்தாழ ஆயிரம் பேரே இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். எதிர்க்கரையில் நவாபின் படை நின்றிருக்க, அவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசை குலையாமல் சுட்டபடி முன்னேறினர். மாபூஸ் கானின் படை சிதறி ஓடியது.

குதிரைப் படையின் எண்ணிக்கையை விடச் சிறு காலாட்படையின் பயிற்சியும் ஒழுங்கும் வலியவை என்பதை இப்போர் காட்டியது. ஆங்கிலேயரும் உள்ளூர் மக்களைச் சேர்த்துச் சிப்பாய்ப் படையைப் பெருக்கினர். பிறப்பால் எந்த உரிமையும் இல்லாத இளைஞர் ஒருவர் முன்னேறும் வழி இவ்வாறு திறந்தது. அன்று தோற்ற மாபூஸ் கானையே பின்னாளில் மதுரைச் சீமையில் யூசுப் கான் எதிர்கொள்ள நேர்ந்தது.

இளமையும் படைப்பணியும்

இராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, பின் இசுலாத்தைத் தழுவியவர் என்று மரபு கூறுகிறது. 1752 வாக்கில் இராபர்ட் கிளைவின் படையில் தம் வீரர்களுடன் சேர்ந்தார்.

1752 முதல் 1754 வரை நடந்த திருச்சிராப்பள்ளிப் போர்களே அவருக்குப் பெயர் தேடித் தந்தன. பிரெஞ்சுப் படைகள் சூழ்ந்திருந்த நிலையில், நகருக்குத் தானியமும் மாடுகளும் வந்து சேர்வதே பெரும் சிக்கலாக இருந்தது. யூசுப் கான் எதிரியின் நடமாட்டத்தை உளவறிந்து, இரவில் உணவு வண்டிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்த்தார். தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரைப் பெரிதும் பாராட்டினார். 1754-இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தளபதியாக்கப்பட்டார். தங்கப் பதக்கமும் வழங்கப்பட்டது.

தென்பாளையங்களும் சென்னை முற்றுகையும்

அன்வருதீன் இறந்தபின் ஆங்கிலேயர் ஆதரவுடன் நவாபான முகமது அலி, கம்பெனிக்குப் பெரும் கடன் பட்டிருந்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரியே அக்கடனுக்கு வழி என்று கருதப்பட்டது. ஆனால் பாளையக்காரர்கள் வரி கொடுக்க மறுத்தனர். அங்குக் குத்தகை பெற்ற மாபூஸ் கானும் தம் தம்பி முகமது அலிக்கு எதிராகத் திரும்பி அவர்களுடன் சேர்ந்தார்.

1756-இல் யூசுப் கான் தெற்கே அனுப்பப்பட்டார். 1757-இல் மதுரைக் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் வசம் வந்தது. வலுவான அந்தக் கோட்டை தாக்குதலால் வீழவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு 1,70,000 ரூபாய் கொடுத்த பிறகே அது கைக்கு வந்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது யூசுப் கான் வடக்கே அழைக்கப்பட்டார். கோட்டைக்கு வெளியே செங்கல்பட்டு, பரங்கிமலை வட்டாரங்களில் இயங்கிய அவருடைய படை, லாலியின் உணவு வழிகளைத் துண்டித்து ஓயாத தொல்லை கொடுத்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லாலி பின்வாங்கினார். சென்னையைக் காத்தவர்களுள் ஒருவர் என்ற பெருமையுடன் யூசுப் கான் மதுரைக்குத் திரும்பினார்.

மதுரை ஆட்சி

1759-இல் மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு அவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கொள்ளையை ஒடுக்கினார்; ஏரி குளங்களைச் செப்பனிட்டார்; மீனாட்சியம்மன் கோயிலின் வழிபாடு தடையின்றி நடக்க மானியம் அளித்தார். வரி ஒழுங்காக வசூலானது.

இந்த அமைதியைப் பாளையக்காரர்கள் வேறு விதமாகக் கண்டனர். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் பல ஆண்டுகள் எதிர்த்து நின்று, 1761-இல் தம் கோட்டைகளை யூசுப் கானிடம் இழந்தார். கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் யூசுப் கானின் படையால் பீரங்கி முன் நிறுத்திக் கொல்லப்பட்டதாக மரபு கூறுகிறது. இன்று விடுதலை வீரர்களாகப் போற்றப்படும் இவர்களை ஒடுக்கியவரும், பின்னர் அதே கம்பெனியை எதிர்த்து உயிர்விட்டவரும் ஒருவரே. இவரது வரலாற்றைப் படிப்போர் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நவாபுடன் மோதல்

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிரெஞ்சு ஆபத்து நீங்கியதும் யூசுப் கானின் தேவையும் குறைந்தது. குத்தகைத் தொகையை உயர்த்தித் தருவதாக அவர் கூறியும் நவாப் இணங்கவில்லை. வளமான நாடும் பழகிய படையும் தம் கீழ்ப்படியாத ஒருவரிடம் இருப்பதை முகமது அலி விரும்பவில்லை. யூசுப் கான் தம்மைக் கம்பெனியின் ஊழியராகவே கருதினார். கம்பெனியோ அவரை நவாபின் குத்தகைதாரர் என்றது.

இதனால் அவர் தனியாட்சிக்குத் துணிந்தார். கோட்டையைப் பலப்படுத்தி, புதிய சிப்பாய்களைச் சேர்த்தார். மார்ஷான் என்பவரின் தலைமையில் பிரெஞ்சு வீரர்களையும் அமர்த்தி, 1763 தொடக்கத்தில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பாவில் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை, முகமது அலியையே கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபாக ஏற்றது. பிரான்சு கைகொடுக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று.

முற்றுகையும் மரணமும்

1763-இல் நவாபின் படையும் கம்பெனியின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. மழைக்காலத்தில் அந்த முற்றுகை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு மேஜர் சார்லசு காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை தொடங்கியது. 1764 ஜூன் 26 அன்று நடந்த நேரடித் தாக்குதலை யூசுப் கான் முறியடித்தார். ஆங்கிலேயர் தரப்பில் இழப்பு மிகுதி.

அதன்பின் காம்பெல் முறையை மாற்றினார். கோட்டையைச் சூழ்ந்து உணவு செல்லும் வழிகளை அடைத்தார். திருச்சிராப்பள்ளியில் உணவு கொண்டுவந்து புகழ் பெற்றவரின் கோட்டையிலேயே பசி புகுந்தது. சம்பளம் நின்றது, வீரர்கள் தப்பி ஓடினர். இறுதியில் மார்ஷானும், திவான் சீனிவாசராவும், மருத்துவர் பாபா சாகிபும் சதி செய்து, அக்டோபர் 13 அன்று யூசுப் கான் தொழுகையில் இருந்தபோது அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தனர். அக்டோபர் 15 அன்று மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் நவாபின் ஆணைப்படி தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடல் துண்டாக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களில் புதைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

மதிப்பீடு

அதே காலத்தில் மைசூரில் படைவீரராகத் தொடங்கிய ஐதர் அலி 1761-இல் ஆட்சியைக் கைப்பற்றி, 1782-இல் இறக்கும்வரை நிலைத்திருந்தார். அவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே வேரூன்றிய ஓர் அரசு. யூசுப் கானிடம் இருந்தது குத்தகை நிலம். அதற்கு உரிமை கோர நவாப் இருந்தார். துணை நிற்கக்கூடிய பாளையக்காரர்களை அவரே முன்னர் ஒடுக்கியிருந்தார். ஆகவே சம்பளத்துக்காக நின்றவர்களைத் தவிர வேறு யாரும் அவர் பக்கம் மிஞ்சவில்லை.

நினைவுகள்

சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் தர்காவாக உள்ளது. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு, கான்பாளையம் ஆகிய பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் அவரைப் பற்றியது. எசு. சி. ஹில் எழுதிய ஆங்கில வரலாற்று நூல் 1914-இல் வெளிவந்தது. 1997-இல் கமல்ஹாசன் தொடங்கிய 'மருதநாயகம்' திரைப்படம் முடிவடையவில்லை.