ஜோ லூயிஸ்: வாகையர் பட்டமும் வரிக்கடனும்

ஜோ லூயிஸ் (மே 13, 1914 – ஏப்ரல் 12, 1981) அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஆவார். இயற்பெயர் ஜோசப் லூயிஸ் பாரோ. 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் வாகையர் பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்து, 25 முறை அதைத் தக்கவைத்துக் கொண்டார். இத்தனை புகழும் வருமானமும் பெற்றவர் பிற்காலத்தில் அமெரிக்க வருமான வரித் துறைக்குப் பெருந்தொகை கடன்பட்டு, வயது கடந்த பின்னும் மேடையேற வேண்டியதாயிற்று.

இளமை

அலபாமா மாநிலத்தில் பருத்தி விளையும் சேம்பர்ஸ் மாவட்டத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். 1926-இல் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாய் வயலின் கற்றுக்கொள்ளக் கொடுத்த காசைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குச் செலவிட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஃபோர்டு தொழிற்சாலையிலும் சில காலம் வேலை பார்த்தார். 1934 ஜூலை 4 அன்று சிகாகோவில் நடந்த முதல் தொழில்முறைப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 59 டாலர்.

புகழின் உச்சி

அவருக்கு முன் ஹெவிவெயிட் பட்டம் பெற்ற ஒரே கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் மீது வெள்ளையர் பலர் கடும் வெறுப்புக் கொண்டிருந்தனர். எனவே லூயிஸின் மேலாளர்கள் அவருக்குச் சில கட்டுப்பாடுகள் விதித்தனர். வெள்ளையினப் பெண்களுடன் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீழ்ந்த எதிராளியைப் பார்த்து ஆர்ப்பரிக்கக் கூடாது. சண்டையிடும் திறமை மட்டும் போதாது, பணிவையும் காட்ட வேண்டும் என்ற நிலை அன்று இருந்தது.

1936-இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் 12-ஆம் சுற்றில் தோற்றார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்திப் பட்டம் வென்றபோதும் அத்தோல்வி அவர் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. 1938 ஜூன் 22 அன்று நியூயார்க்கின் யாங்கி அரங்கில் இருவரும் மீண்டும் மோதினர். ஹிட்லரின் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான மோதலாகவே உலகம் இதைப் பார்த்தது. ஷ்மெலிங் நாசிக் கட்சியின் உறுப்பினர் அல்லர் என்பதை அன்று பொருட்படுத்தியவர் குறைவு. 124 நொடிகளில் போட்டி முடிந்தது. கறுப்பினத்தவரைச் சமமாக நடத்தாத ஒரு நாடு, அன்றிரவு அவரைத் தன் நாயகனாகக் கொண்டாடியது.

கொடையும் கடனும்

லூயிஸ் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் மனிதர் அல்லர். கைக்குப் பணம் வந்ததும், தம் குடும்பம் வறுமையில் பெற்ற நிவாரணத் தொகையை டெட்ராய்ட் நகர நிர்வாகத்துக்குத் திருப்பிக் கட்டினார். உறவினருக்கும் நண்பருக்கும் வாரி வழங்கினார். உணவகம் போன்ற தொழில்களில் முதலீடு செய்து இழந்தார். வருமானத்தின் பெரும்பங்கு மேலாளர்களுக்குப் போயிற்று. வாழ்நாளில் நடந்த போட்டிகள் ஈட்டிய சுமார் 46 லட்சம் டாலரில் அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம் என்பர்.

1942-இல் பட்டத்துக்கான இரு போட்டிகளில் கிடைத்த தொகையைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கினார். அதே ஆண்டில் படையிலும் சேர்ந்து, உலகெங்கும் வீரர்கள் முன் காட்சிப் போட்டிகளில் பங்கேற்றார். ஆனால் நன்கொடையாகக் கொடுத்த தொகையும் அவருடைய வருமானமாகவே கொள்ளப்பட்டு அதற்கும் வரி விதிக்கப்பட்டது. அவரது வரிக்கடன் முழுவதற்கும் இதுவே காரணம் என்று கூறுவது மிகை. போருக்குப் பிந்தைய வருமானமும் கவனமற்ற கணக்குவைப்பும் அதில் சேரும். 1946-இல் பில்லி கானுடன் நடந்த மறுபோட்டியில் அவர் பங்கு சுமார் 6 லட்சம் டாலர். அதில் மேலாளர்களுக்கு 1,40,000, மணமுறிவு பெற்ற மனைவிக்கு 66,000, நியூயார்க் மாநிலத்துக்கு 30,000 போக, எஞ்சியதைப் பழைய கடன்களும் கூட்டரசு வரியும் காத்திருந்தன.

1949-இல் ஓய்வு பெற்றார். ஆனால் 5 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட வரிப்பாக்கி அவரை ஓய்வில் இருக்க விடவில்லை. 1950-இல் எஸ்ஸார்டு சார்லஸிடம் புள்ளிகளில் தோற்றார். 1951 அக்டோபர் 26 அன்று ராக்கி மார்சியானோ அவரை 8-ஆம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே விழும்படி வீழ்த்தினார். அப்போது லூயிஸுக்கு வயது 37. அதன்பின் மல்யுத்தக் காட்சிகளிலும் தோன்றினார். இதற்கிடையே வட்டி ஏறிக்கொண்டே போய், 1950-களின் முடிவில் பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது. உச்ச வரி விகிதம் 90 விழுக்காட்டைக் கடந்திருந்த காலம் அது. புதிதாகச் சம்பாதித்தாலும் பழைய கடன் குறையாது. 1960-களின் தொடக்கத்தில், அவரது அவ்வப்போதைய வருமானத்துக்கு மட்டும் வரி வாங்க வரித் துறை ஒப்புக்கொண்டது.

இறுதிக் காலம்

லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் பணி அவருக்குக் கிடைத்தது. 1981-இல் மாரடைப்பால் இறந்தார். குடியரசுத் தலைவர் ரீகன் விதிகளைத் தளர்த்தியதால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். போருக்குப் பின் அவருக்கு நெருங்கிய நண்பராகிவிட்ட மாக்ஸ் ஷ்மெலிங், இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்.